மலைக்குப் போகும் ஜீப்பும் மகள் கேட்கும் படிப்பும்

அக்கா, “பிள்ளை பி.ஏ. பொருளாதாரம்தான் படிப்பேன் என்கிறாள், அதில் சோறு கிடைக்குமா சார்?” என்று கம்பம் பஸ் ஸ்டாண்டில் கேட்டீர்கள். அன்றைக்கு அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

வெறும் பி.ஏ.வோடு நின்றால் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். எம்.ஏ. வரை ஐந்து வருடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

ஆனால் பாப்பா ஏன் அதைக் கேட்கிறாள் தெரியுமா? விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு தாண்டி கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறீர்கள். “ஒரே மலை, அந்தப் பக்கம் மட்டும் ஏன் சார் கூலி கூடுதல்?” என்றாள் என்னிடம். விளையாட்டுக் கேள்வி இல்லை இது. அப்போது வருமானம் குறைவாக இருந்த கேரளத்தில் படிப்பும் ஆயுளும் எப்படி உயர்ந்தன என்று 1975லேயே திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் ஐ.நா.வுக்காக ஆராய்ந்தது. நிலச் சீர்திருத்தம், ரேஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூலிக்காகப் போராடிய சங்கங்கள் என்று காரணம் நீளும். வளைகுடாப் பணம் பிறகு வந்தது. அதே கேரளத்தில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களும் அதிகம், அதையும் அவள் படிக்கத்தான் வேண்டும்.

வளரும் நாட்டில் ஏற்றத்தாழ்வு முதலில் கூடும், பிறகு குறையும் என்று 1955இல் குஸ்நெட்ஸ் என்ற பொருளாதார அறிஞர் சொன்னார். எல்லா நாடும் அப்படிக் காத்திருக்கவில்லை. பிரேசில் 2003இல் தொடங்கிய போல்சா ஃபமிலியா திட்டத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கமே கொடுத்தது. நம் புதுமைப்பெண் திட்டமும் கிட்டத்தட்ட அந்த வழிதான். பாப்பா ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள், கல்லூரி சேர்ந்ததும் மாதம் 1,000 ரூபாய் வரும். விட்டுவிடாதீர்கள்.

நிதி ஆயோக்கின் 2019-21 கணக்கில் பல பரிமாண வறுமை, அதாவது உடல்நலம், படிப்பு, வாழ்க்கை வசதி எல்லாம் பார்த்துச் சொல்லும் வறுமை, கேரளத்தில் 0.55 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20. இரண்டுமே நல்ல எண்கள்தான். உங்கள் ஜீப்பில் வருகிறவர்கள் இந்த எண்ணுக்குள் இருக்கிறார்களா, வெளியே நிற்கிறார்களா என்று வீடு வீடாகப் போய் விசாரிக்கிற கள ஆய்வு வேலையும் இந்தத் துறையில் உண்டு. தமிழோடு மலையாளமும் புரிகிற பிள்ளைக்கு அங்கே தனி மரியாதை.

அப்புறம் கணக்கு. அதற்குப் பயந்துதான் இந்தப் பக்கம் வருகிறாள் என்றால் இப்போதே தடுத்துவிடுங்கள். முதுகலை நுழைவுத் தேர்வில் ஆளைக் கழிப்பதே கணக்கும் புள்ளியியலும்தான். கேட்டால் வணிகக் கணிதம் படித்தேனே என்பாள், அது போதாது. முதல் வருடத்திலிருந்தே தனியாகப் படிக்க வேண்டும்.

தேறிவிட்டால் திருவனந்தபுரம் மையம், சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மத்தியப் பல்கலைக்கழகங்கள் என்று வழி இருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கு எம்.ஏ. வேண்டும், வயது 21 முதல் 30. இடங்கள் மிகக் குறைவு, அதை மட்டும் நம்ப வேண்டாம். வங்கித் தேர்வையும் கூடவே எழுதட்டும்.

தோட்டத்துக்குப் போகாத ஒரு நாள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு, அவளுடைய கணக்கு நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.