பெரிய டர்போவா, சின்ன டர்போவா? கேட்டவையும் சொன்னவையும்

சத்துவாச்சாரியில் டர்போ வண்டிகளைப் பிரித்துக் கோர்க்கிறவன் நான். டர்போ என்றால் எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஆசைதான்: பவரும் வேண்டும், லேக்கும் (மிதித்த பிறகு பவர் வரும்வரை உள்ள தாமதம்) கூடாது.

காட்பாடியிலிருந்து: அண்ணா, 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் வைத்திருக்கிறேன். பெரிய டர்போ மாட்டினால் 200 குதிரைசக்தி வருமாமே?

வரும் தம்பி. எந்த ஆர்பிஎம்மில் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரும் என்று கேட்டீர்களா? 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) 3000 ஆர்பிஎம்மில் கிடைத்தால் கணக்குப்படி சுமார் 107 குதிரைசக்திதான். அதே டார்க் 5500-ல் கிடைத்தால் 196. டைனோ (பவரை அளக்கும் கருவி) தாளில் இரண்டாவது எண்தான் பெரிதாகத் தெரியும். காட்பாடி மேம்பாலத்தில் லாரிக்குப் பின்னால் 2000-த்தில் ஊரும்போது உங்களுக்கு வேண்டியது முதலாவது.

டர்போவுக்குள் இருக்கும் டர்பைன் சக்கரத்தைச் சுற்றுவது எக்ஸாஸ்ட் புகை. சக்கரத்தின் விட்டத்தை, வடிவம் மாறாமல், 10 சதவீதம் கூட்டினால் அதன் சுழல் நிலைமம் (சுற்ற வைப்பதற்குக் காட்டும் எதிர்ப்பு) ஏறக்குறைய 60 சதவீதம் ஏறும். சின்ன என்ஜின் அவ்வளவு புகைக்கு எங்கே போகும்?

நானே பட்டவன்தான். ஆசைப்பட்டு என் காரில் பெரியதாக ஒன்றை மாட்டிக்கொண்டு ஏலகிரி ஏறினேன். 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் மிதித்தால் ஒன்றும் நடக்காது. வளைவு முடிந்து அடுத்தது கண்ணில் படும்போது பூஸ்ட் (டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம்) வந்து முதுகில் அறையும். உடனே பிரேக். மேலே போய்ச் சேர்ந்தபோது ஆட்டோவில் வந்திருக்கலாம் என்று தோன்றியது. அடுத்த மாதமே பழைய டர்போவை மாட்டிவிட்டேன்.

ராணிப்பேட்டையிலிருந்து: லேக்கும் பூஸ்ட் த்ரெஷோல்டும் ஒன்றுதானே?

இல்லை. 1500 ஆர்பிஎம்மில் முழுசாக மிதித்தும் பூஸ்ட் வரவில்லை என்றால் அது த்ரெஷோல்ட்; அங்கே போதிய புகையே கிடையாது, கியரைக் குறையுங்கள். 3500-ல் மிதித்து, பூஸ்ட் ஒரு விநாடி கழித்து வந்தால் அதுதான் லேக். பால் பேரிங் டர்போ லேக்கைக் குறைக்கும். ஆனால் காசைக் கொட்டும் முன் இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) குழாய்களையும் மேனிஃபோல்டு கேஸ்கட்டையும் பாருங்கள். "லேக் அதிகம்" என்று வரும் வண்டிகளில் பலவற்றில் எங்கோ ஒரு கிளாம்ப் லூஸாகத்தான் இருக்கிறது.

வேலூரிலிருந்து: மே மாதம் வந்தால் ரீமேப் செய்த (என்ஜின் கணினியின் அமைப்பை மாற்றிய) வண்டி சோர்ந்துபோகிறது. மேப் சரியில்லையா சார்?

வெயில் சரியில்லை. நம்மூர் 42 டிகிரியில் காற்றின் அடர்த்தி 25 டிகிரியில் இருப்பதைவிட 5 சதவீதம் போல் குறைவு. அது சின்ன விஷயம். அந்தக் காற்றை 1 பார் பூஸ்ட்டுக்கு அழுத்தினால், கம்ப்ரெஸர் 70 சதவீதத் திறனில் ஓடினாலும், வெளியே வருவது சுமார் 140 டிகிரி. இன்டர்கூலர் அதைக் குளிர்விக்காவிட்டால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து என்ஜின் தட்டுவது) தொடங்கும், ஈசியூ (என்ஜினின் கணினி) இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும், பவர் போகும். பூஸ்ட்டைக் கூட்டச் சொல்கிறவர்களிடம் போகாதீர்கள், சூடுதான் ஏறும். நல்ல இன்டர்கூலர் போடுங்கள். ரொம்பப் பெரியது வேண்டாம், அதை நிரப்பவும் நேரம் ஆகும்.

குடியாத்தத்திலிருந்து: என் டீசலில் விஜிடி (உள்ளே இறகுகள் நகரும் டர்போ) இருக்கிறது, லேக்கே தெரியவில்லை. பெட்ரோலுக்கு ஏன் அதை அதிகம் போடுவதில்லை?

புகை வழியிலுள்ள இறகுகள் நகர்ந்து, ஒரே டர்போவைச் சின்னதாகவும் பெரியதாகவும் நடிக்க வைக்கும். பெட்ரோல் புகை டீசல் புகையைவிடச் சூடு அதிகம். இறகுகள் தாங்க விலையுயர்ந்த உலோகம் வேண்டும். போர்ஷே 2006-ல் 911 டர்போவில் செய்துகாட்டியது. விலையும் போர்ஷே விலைதான்.

ஆம்பூரிலிருந்து: டர்போ மாற்றினால் ஆர்டிஓவில் சிக்கலா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் படியுங்கள். இன்ஷூரன்ஸ்காரரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அரக்கோணத்திலிருந்து: சின்ன டர்போதான். 1800-லேயே முழு டார்க் வரும்படி ரீமேப் செய்தேன். இப்போது நாலாவது கியரில் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை.

கிளட்ச் வழுக்குகிறது. சீக்கிரம் வரும் டார்க்குக்கும் விலை உண்டு: கீழ் ஆர்பிஎம்மில் அவ்வளவு அழுத்தம் ஏற்றினால் சின்ன டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும்) என்ஜினில் ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. பிஸ்டன் உடைந்த கதைகள் உண்டு. மேப் போட்டவரிடம் சொல்லி 2500 வரை டார்க்கைப் படிப்படியாக ஏறவிடச் சொல்லுங்கள். புது கிளட்ச் வரும்வரை பள்ளிகொண்டா டோலைத் தாண்டியதும் வருகிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.