மோட்டாரில் கை வைப்பதற்கு முன்: ஐசோலேட்டர் பற்றிய கேள்வி பதில்

மில், பவுண்டரி, ஒர்க்‌ஷாப் ஆட்கள் கேட்டவை இவை. எல்லாம் 415 வோல்ட் மும்முனை மோட்டார்கள். ஐசோலேட்டர் என்பது மோட்டாருக்கு வரும் சப்ளையை முழுதாகப் பிரித்து வைக்கும் சுவிட்ச்.

சார், ஸ்டாப் அமுக்கினால் கான்டாக்டர் (மோட்டாருக்கு சப்ளை கொடுக்கும் காந்த சுவிட்ச்) விட்டுவிடுகிறது. கம்ப்ரஸர் பெல்ட் மாற்ற அது போதாதா?

போதாது. கான்டாக்டர் முனைகள் உருகி ஒட்டியிருந்தால் மோட்டார் வரை சப்ளை வந்துகொண்டே இருக்கும். அது கூட அபூர்வம்தான். ஆனால் பிரஷர் சுவிட்ச் தினமும் வேலை செய்கிறது. காற்று குறைந்ததும் ஆட்டோ மோடில் இருக்கிற மோட்டார் தானாக ஓடும். உங்கள் விரல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இருப்பது அதற்குத் தெரியாது. சிவப்பு எமர்ஜென்சி பட்டனுக்கும் இதே பதில். அது மெஷினை நிறுத்தத்தான், சப்ளையைப் பிரித்து வைக்க அல்ல.

10 எச்.பி. மோட்டார், நேம்பிளேட்டில் 14 ஆம்ப். 16 ஆம்ப் ஐசோலேட்டர் சரிதானே?

அமெரிக்க மின் விதித்தொகுப்பான என்.இ.சி. படி மோட்டார் கரண்டில் குறைந்தது 115 சதவீதம் வேண்டும்; 16.1 வருகிறது. நான் 25 ஆம்ப் போடுவேன். ஆனால் ஆம்பை விட முக்கியம், ஏசி-23 (மோட்டார் சுமைக்கான வகை) என்று போட்டிருக்கிறதா என்பது. ஏசி-21 ஹீட்டர் மாதிரி சுமைக்கு. மோட்டார் ஜாம் ஆகி ஆறு, ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும்போது அந்த ஏசி-21 சுவிட்சை ஆஃப் செய்தால் உள்ளே தீப்பொறி அணையாமல் நிற்கலாம்.

அண்ணே, எம்.சி.சி.பி. (பெரிய சர்க்யூட் பிரேக்கர்) பேனல் ரூமில், மோட்டார் 40 மீட்டர் தள்ளி. பக்கத்தில் தனியாக ஒன்று வேண்டுமா?

வையுங்கள் தம்பி. என்.இ.சி. பொதுவாகக் கேட்பது கண்ணுக்குத் தெரியும் இடம், 50 அடிக்குள். அதுவரை பேனலில் பூட்டுப் போட்டுத்தான் வேலை. பூட்டு உங்களுடையது, சாவி உங்கள் பையில். மூன்று பேர் வேலை செய்தால் ஹாஸ்ப் (பல பூட்டு போடக்கூடிய கொக்கி) மாட்டி மூன்று பூட்டு. "வேலை நடக்கிறது" என்று அட்டை மட்டும் தொங்கவிடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஷிஃப்ட் மாறினால் அட்டையை யாரும் படிப்பதில்லை.

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரிலிருந்து (மோட்டாரைக் குறைந்த கரண்டில் கிளப்பும் ஸ்டார்ட்டர்) 6 வயர் போகிறது. மோட்டார் பக்கம் மூன்று முனை ஐசோலேட்டர் போதுமா?

மீதி மூன்று வயரில் சப்ளை இருக்குமே! ஆறு முனை வேண்டும். எர்த் வயர் மட்டும் எந்த சுவிட்ச் வழியாகவும் போகக் கூடாது.

டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) உள்ள மோட்டார்?

டிரைவுக்கு முன்னால் ஆஃப் செய்தாலும் உள்ளே கெப்பாசிட்டரில் சுமார் 580 வோல்ட் டிசி தேங்கி நிற்கும். லேபிளில் போட்ட நேரம் காத்திருங்கள், பிறகு டிசி முனைகளை மீட்டரால் பாருங்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஐசோலேட்டர் இருந்தால், ஓடும்போது திறந்தால் டிரைவ் கெட்டுப்போகலாம். ஐசோலேட்டரின் துணை கான்டாக்ட் (கன்ட்ரோல் வயருக்கான சின்ன முனை) முதலில் திறந்து டிரைவை நிறுத்துகிற மாதிரி வயரிங் செய்யுங்கள்.

கடைசியாக, டெஸ்டர் எரியவில்லை என்றால் தொடலாமா?

நியான் டெஸ்டரை நம்பாதீர்கள். மீட்டரை முதலில் சப்ளை உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் மோட்டார் டெர்மினலில் ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு எர்த், மறுபடி சப்ளை உள்ள இடத்தில். நடுவில் மீட்டரின் பேட்டரி தீர்ந்திருந்தால் அந்த மூன்றாவது சோதனையில்தான் தெரியும்.