சமரசத் தொகையை இப்போதே ஏற்கலாமா?

கேள்வி: கார் மோதியதில், கொத்தனாரான என் கணவரின் முழங்கால் முறிந்தது. சிகிச்சை முடியும் முன்பே ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திடுமாறு காப்பீட்டு நிறுவனம் வற்புறுத்துகிறது. ஏற்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: இப்போது கையெழுத்திட வேண்டாம், அம்மா. முழுத் தீர்வென ஒப்புக்கொண்டுவிட்டால், பின்னால் வரும் அறுவை சிகிச்சைச் செலவைக் கேட்டுப் பெறுவது மிகக் கடினம். மருத்துவக் குழு ஊனத்தைச் சான்றளித்த பிறகு பேசுங்கள். அப்போதும், 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியபடி, ஊனத்தின் சதவீதத்தை மட்டும் பாராமல், அது அவருடைய சம்பாதிக்கும் திறனை எவ்வளவு குறைக்கிறது என்பதைக் கணக்கிட வேண்டும். சாரம் ஏறிப் பிழைப்பவருக்கு மடங்காத முழங்கால் ஏறத்தாழ முழு வருமான இழப்பாகவே அமையக்கூடும். பேச்சுவார்த்தை முடியட்டும் என்று காத்திராமல், மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்துவிடுங்கள்.