ஒட்டுத்துணிப் போர்வையை மெஷினில் தைத்து முடிப்பது: கேள்வி பதில்

துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து மேல்துணியை முடித்துவிட்டு, அதை அடித்துணி, நடுவே பஞ்சு ஷீட் ஆகியவற்றோடு சேர்த்து மூன்று அடுக்காக மெஷினில் தைக்கத் தயங்கி மாதக்கணக்கில் மடித்து வைத்திருப்பவர்களிடமிருந்தே இம்முறை அதிகக் கேள்விகள் வந்திருக்கின்றன. வீட்டு மெஷினே இந்த வேலைக்குப் போதும்.

கேள்வி: நேர்கோடுகளாகத்தான் தைத்தேன். மேலே அழகாக இருக்கிறது, ஆனால் அடித்துணியில் பல இடங்களில் மடிப்பு விழுந்திருக்கிறது. தையலில் என்ன தவறு?

பதில்: தவறு தையலில் இல்லை, அதற்கு முன் அடுக்குகளை விரித்த விதத்தில் இருக்கிறது. அடித்துணி, மேல்துணியைவிட நான்கு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். அதைத் தேய்த்து, உட்புறம் மேலே வரும்படி தரையில் விரித்து, தொய்வும் இல்லாமல் இழுவையும் இல்லாமல் ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். அதன் மேல் பஞ்சு ஷீட்டையும் மேல்துணியையும் பரப்பி, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவிவிட்டு, முஷ்டியை எங்கே ஊன்றினாலும் ஓர் ஊக்கின் மேலாவது படும் அளவுக்கு, ஏறக்குறைய 4 அங்குலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். 60க்கு 90 அங்குலப் போர்வைக்கு முந்நூறுக்கு மேல் ஊக்கு பிடிக்கும். இதில் சிக்கனம் பார்த்தால், பிறகு தையல் பிரிப்பதில் அதைவிட அதிக நேரம் போய்விடும்.

இரண்டாவது காரணம் மெஷினின் ஃபுட், அதாவது ஊசியின் அருகே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம். கீழே உள்ள பற்கள் அடித்துணியை மட்டுமே இழுப்பதால், சாதாரண ஃபுட்டின் கீழ் மேல் அடுக்கு பின்தங்கிவிடுகிறது. வாக்கிங் ஃபுட்டில் மேலேயும் பற்கள் இருப்பதால் மூன்று அடுக்கும் ஒரே வேகத்தில் நகரும். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டராக வைத்து, நடுக்கோட்டில் தொடங்கி இரு பக்கமும் ஓரத்தை நோக்கிச் செல்லுங்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் கையால் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையில் ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் ஒவ்வொரு துண்டையும் வைக்க வைக்கவே தைத்துச் செல்கிறார்கள். முன்பே இணைத்த மேல்துணிக்கு அந்த முறை ஒத்துவராது.

போர்வையின் கனம் மேசை விளிம்பிலிருந்து தொங்கினால் ஊசி வளைந்து கோடு கோணும் என்பதால், இடப்பக்கமும் பின்னாலும் மேசை போட்டு அதைத் தாங்கச் செய்யுங்கள்.

கேள்வி: பற்களை இறக்கிவிட்டு, துணியைக் கையால் நகர்த்தி வளைவு டிசைன் போடுகிறேன். அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. பாபினை மாற்றியும் சரியாகவில்லை.

பதில்: அடியில் வளையம் விழுந்தால் மேல்நூலைப் பாருங்கள். ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால், நூல் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் இறங்காது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள். வளைவுகளில் மட்டும் கண் இமை போல நூல் நீட்டிக்கொண்டிருந்தால், வளைவில் உங்கள் கை மெஷினைவிட வேகமாக ஓடுகிறது என்று பொருள். கையின் வேகத்தைக் குறையுங்கள், மெஷினின் வேகத்தை அல்ல. இதே மூன்று அடுக்கில் ஒரு சிறு துண்டு செய்து அதில் பழகிய பிறகு போர்வைக்கு வாருங்கள்.

கேள்வி: என்னுடையது பழைய மிதி மெஷின். பற்கள் இறங்காது.

பதில்: தையல் நீளத்தைப் பூஜ்ஜியத்தில் வைத்து, பற்களின் மேல் மெல்லிய அட்டையை ஒட்டி, ஊசி இறங்கும் இடத்தில் மட்டும் துளை விடுங்கள்.

கேள்வி: பஞ்சு ஷீட்டுக்குப் பதில் பழைய பருத்திச் சேலை வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். வங்காளத்துக் காந்தா போர்வைகள் பழஞ்சேலை அடுக்குகளால்தான் உருவானவை. நம் வெயிலுக்கு இரண்டு மடிப்புச் சேலை மிகவும் இதமாக இருக்கும், துவைப்பதற்கும் எளிது. நைந்த பகுதியை மட்டும் வெட்டி நீக்கிவிடுங்கள். பஞ்சு ஷீட்டே வாங்குவதானால், தையல் கோடுகளுக்கு இடையே எத்தனை அங்குலம் வரை விடலாம் என்று உறையில் அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தாண்டினால் துவைக்கும்போது பஞ்சு திரண்டுவிடும்.

கேள்வி: ஓரப்பட்டைக்கு எவ்வளவு துணி வாங்க வேண்டும்? மூலை மடிப்பு எனக்கு வரவே இல்லை.

பதில்: 60க்கு 90 போர்வையின் சுற்றளவு 300 அங்குலம், இணைப்புக்கு 10 அங்குலம் கூட்டுங்கள். 44 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டைகள் 8 வெட்ட வேண்டும். அதற்கு 20 அங்குலத் துணி தேவைப்படுவதால் அரை மீட்டர் மயிரிழையில் பற்றாது. முக்கால் மீட்டராக வாங்குங்கள். ஓரம் நேராக இருந்தால் கிராஸ் வெட்டு (துணியை மூலைவாட்டில் வெட்டுவது) வேண்டியதில்லை.

பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்து, அதன் வெட்டு விளிம்பைப் போர்வையின் முன்பக்க விளிம்போடு சேர்த்து, கால் அங்குலம் உள்ளே தள்ளித் தையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்திக் கெட்டித் தையல் போட்டு, போர்வையை மெஷினிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டையை அடுத்த பக்கத்துக்கு நேர்க்கோடாக மேல்நோக்கி மடித்தால் மூலையில் சாய்கோடு ஒன்று விழும். அதைக் கலைக்காமல் விரலால் பிடித்தபடி பட்டையைக் கீழே இறக்கி, விளிம்பிலிருந்து மறுபடி தைக்கத் தொடங்குங்கள். நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தையல் போனாலும் மூலை கூராக வராது, பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பின்பக்கம் திருப்பி ஹெம்மிங் செய்வதைக் கையாலேயே செய்யுங்கள்.

கேள்வி: முதல் துவைப்பிலேயே சிவப்புத் துண்டின் சாயம் வெள்ளைக் கட்டங்களில் ஏறிவிட்டது. இனி வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் போர்வையைக் காய விடவோ இஸ்திரி போடவோ கூடாது. ஈரமாக இருக்கும்போதே பெரிய தொட்டியில் போர்வை முழுதும் தாராளமாக மிதக்கும் அளவு வெந்நீரும் கொஞ்சம் சோப்புத் திரவமும் சேர்த்துப் பல மணி நேரம் ஊறவிட்டு, நீரில் நிறம் இறங்குவது நிற்கும் வரை நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அடுத்த போர்வைக்கு, வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு அடர்நிறத் துணியின் நுனியையும் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள்.