முதியோருக்கான மெதுவான உடற்பயிற்சி: இயன்மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி (கோண்டாவில்): அம்மாவுக்கு 71 வயது. இந்த வருசம் வீட்டுக்குள்ளேயே இரண்டு தரம் தடக்கி விழுந்திட்டா. தாய்ச்சி (Tai Chi) எண்ட சீன மெதுவான பயிற்சி பழகினால் நல்லதெண்டு சொல்லுகினம். சண்டைக்கலைதானே சேர், இந்த வயதில ஏலுமோ?

பதில்: ஏலும். சண்டைக்கலையிலிருந்து வந்ததுதான், ஆனால் 1956இல் சீன அரசின் விளையாட்டுத்துறை எல்லாரும் பழகக்கூடியதாக 24 அசைவுகளாகச் சுருக்கியது. அம்மாவுக்கு இப்போதைக்கு அந்த 24உம் வேண்டாம். பாரம் மாற்றுவதை மட்டும் பழக்குங்கள்.

பாரமான மரக்கதிரையின் முதுகைப் பிடித்தபடி பின்னால் நிற்கவேண்டும். பிளாஸ்டிக் கதிரை சரிந்துவிடும், வேண்டாம். கால்கள் தோளகலத்துக்கு, முழங்கால் சற்றுத் தளர்வாக. 4 எண்ணும் வரைக்கும் உடம்பின் பாரத்தை வலக்காலுக்குக் கொண்டுபோய், இடக்குதியை மட்டும் கிளப்பி, 2 எண்ணி, அதே வேகத்தில் திரும்பவேண்டும். பக்கத்துக்கு 8 தரம். ஒரு கிழமைக்குப் பிறகு ஒரு காலை அரையடி முன்னுக்கு வைக்கலாம்: முதலில் குதி வெறுமனே நிலத்தில் படவேண்டும், பாரம் பிறகுதான் ஏறவேண்டும். தடக்கி விழுகிற பலர், கால் ஊன்றுமுன்பே பாரத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

பிழைக்கிற இடம் பெரும்பாலும் நாரி. இடுப்பு நகராமல் தோள் மட்டும் சரிந்தால் பாரம் மாறவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் நின்று அம்மாவின் தலையைப் பாருங்கள். அது நேராகவே பக்கவாட்டில் நகரவேண்டும். கெதியாகச் செய்தால் உந்தலே உடம்பைக் கொண்டுபோய்விடும், காலுக்கு வேலை இராது. மினுக்கின சீமெந்து நிலத்தில் மேசோடு நிற்கவும் வேண்டாம்.

ஒரு வருடத்தில் இரண்டு தரம் விழுந்தால் பயிற்சி மட்டும் போதாது. கண்ணையும், அவ எடுக்கிற மருந்துகளையும் ஒருக்கால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): முழங்கால் தேய்மானம் எண்டு சொல்லிப்போட்டினம். முழங்காலை மடக்கலாமோ?

பதில்: மடக்கலாம், ஆழமாக வேண்டாம். கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பிப் பழகுங்கள். கதிரை பதிவாக இருந்தால் மேலே ஒரு தலையணை. 30 விநாடியில் எத்தனை தரம் முழுமையாக எழும்புகிறீர்கள் என்று எண்ணுங்கள். 70–74 வயதில் பெண்கள் 10, ஆண்கள் 12 தரத்துக்குக் குறைந்தால் கால் பலம் காணாது. எழும்பும்போது முழங்கால்கள் உள்ளுக்கு ஒன்றையொன்று பார்க்கக்கூடாது, இரண்டாம் விரலின் திசையிலேயே போகவேண்டும். பயிற்சிக்குப் பிறகு கொஞ்சம் நோகும். அடுத்த நாளும் அதே நோவு இருந்தால், அல்லது முழங்கால் வீங்கினால், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

கேள்வி (நல்லூர்): தோப்புக்கரணம் இதுக்கு நல்லதோ?

பதில்: பிள்ளையார் குறை நினைக்கமாட்டார், அரைவாசிக்கு மேல் இறங்காதீர்கள். யன்னல் கம்பியைப் பிடியுங்கள்.

கேள்வி (கனடாவிலிருந்து): அப்பா யாழ்ப்பாணத்தில தனிய இருக்கிறார். 76. சின்னச் சின்ன மறதி. இந்தத் தாய்ச்சி மறதியை நிப்பாட்டுமோ?

பதில்: நிப்பாட்டும் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லி விற்கிறவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இலேசான மறதியுள்ள முதியோர் 24 கிழமை பயின்றார்கள். வெறும் தாய்ச்சி செய்தவர்களைவிட, அதோடு மூளைக்கும் வேலை சேர்த்துச் செய்தவர்களுக்கே பலன் கூட.

அப்பாவுக்கு இப்படிச் செய்யலாம். பாரம் மாற்றும் அசைவு மனதில் பதிந்த பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ரயில் நிலையம் சொல்லட்டும்: யாழ்ப்பாணம், கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை. அது சுலபமானதும் காங்கேசன்துறையிலிருந்து பின்னுக்கு. பிறகு 100இலிருந்து மூன்று மூன்றாகக் குறைக்கலாம். எண்ணுகிறபோது கால் நின்றுபோனால் கணக்கைச் சுலபமாக்குங்கள், காலை நிறுத்தவேண்டாம். தனிய இருப்பவர் என்றபடியால் சுவர் மூலையில், முன்னுக்குக் கதிரையோடு நின்றே செய்யட்டும். மறதி கூடிக்கொண்டு போனால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

கேள்வி (ஊர்காவற்றுறை): இன்சுலின் போடுறன். விடிய வெறுவயிற்றில செய்யலாமோ?

பதில்: வேண்டாம். தொடங்கும்போது இரத்தத்தில் சீனி 90 mg/dLக்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிடுங்கள். வியர்த்து, கை நடுங்கினால் உடனே நிறுத்தி, 15 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டியளவு, தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பவும் பாருங்கள். பாதம் விறைத்திருந்தால் வெறுங்காலோடு மணலில் பயிற்சி கூடாது. முள் குத்தினாலும் தெரியாது.

கேள்வி (திருநெல்வேலி): பின்னேரம் பண்ணைப் பக்கம் அரை மணித்தியாலம் நடக்கிறன். அது காணாதோ?

பதில்: இதயத்துக்குக் காணும். விழாமல் நிற்கிற சமநிலைக்குக் காணாது. உலக சுகாதார நிறுவனம் முதியோருக்குக் கிழமையில் 150 நிமிட நடை போன்ற முயற்சிக்கு மேலதிகமாக, மூன்று நாளாவது சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி கேட்கிறது. ஒரு பாதத்தின் குதியை மற்றப் பாதத்தின் விரல் நுனியில் முட்ட வைத்து, சுவரோரமாக நின்று பாருங்கள். 10 விநாடி பிடிக்காமல் நிற்க ஏலாவிட்டால் விழுகிற ஆபத்து உண்டு.

கேள்வி (வல்வெட்டித்துறை): ஃபோனில வீடியோ பார்த்துச் செய்யலாமோ?

பதில்: முதலில் இருந்துகொண்டு முழுதாகப் பாருங்கள், பிறகு ஃபோனை அணைத்துவிட்டு எழும்பிச் செய்யுங்கள். எதிரே நிற்பவரின் வலது உங்களுக்கு இடது. அதைக் குழப்பிக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் திரையையும் பார்த்தால் கால் சிக்கும். ஒரு நாளில் ஒரு அசைவுக்கு மேல் வேண்டாம்.