அரசு தலையிடாவிட்டால் ஏழைத் தொழிலாளியை யார் காப்பாற்றுவது?

சட்டமும் கட்டுப்பாடும் இல்லையென்றால் முதலாளிகள் ஏழைகளை விழுங்கிவிட மாட்டார்களா, இதற்குத் தனிமனிதச் சுதந்திரத்தை முதன்மையாக வைக்கும் லிபர்டேரியன் கொள்கை என்ன பதில் வைத்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டப் பாட்டாளிக் குடும்பத்தில் பிறந்து, அந்தக் கொள்கையை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டவன் நான்.

அடிதடி, திருட்டு, ஏமாற்று ஆகியவற்றைத் தடுக்கவும், பேசிய கூலியைக் கொடுக்காதவனிடமிருந்து அதை வாங்கித் தரவும் சட்டம் கட்டாயம் வேண்டும். மனமொத்த இருவர் செய்துகொள்ளும் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் நடுவில் அரசு வந்து நிற்பதைத்தான் நாங்கள் மறுக்கிறோம்.

எங்கள் வரலாற்றையே பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் மலாயாத் (இன்றைய மேற்கு மலேசியா) தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒப்பந்தக் கூலிகள், 1910இல் அந்த முறை ஒழியும்வரை, வேலையை விட்டு ஓடினால் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. தோட்டத்து வெள்ளைத் துரையின் பிடியை இறுக்கியது காலனி அரசின் சட்டமே.

ரப்பரின் கதை இன்னும் தெளிவானது. விலை சரிந்து பெரிய கம்பெனிகள் தவித்தபோது, 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில், மலாயாவும் இலங்கையும் எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்பதைப் பிரிட்டிஷ் ஆட்சி அளந்து கொடுத்தது. விலை பல மடங்கு ஏறியது உண்மைதான். ஆனால் திட்டத்தில் சேராத டச்சு இந்தியத் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியா) சிறு விவசாயிகள் மரங்களை நட்டுத் தள்ள, மலாயா தன் சந்தையில் ஒரு பங்கை இழந்தது. 1928இல் திட்டமே கைவிடப்பட்டது. அப்படியும் பாடம் படிக்காமல், 1934இல் பல நாடுகள் கூடி, புதிதாக நடுவதையே தடை செய்யும் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தன. போர் முடிந்து 1946இல் இங்கே வந்து சிறுதோட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர் பீட்டர் பாவர், இந்தக் கட்டுப்பாடுகள் பெரிய தோட்டங்களுக்குச் சாதகமாகவும் சிறுதோட்டக்காரருக்குப் பாதகமாகவும் நடத்தப்பட்டன என்று எழுதினார். சட்டம் எழுதப்படும் அறைக்குள் கம்பெனிகளின் குரல் போய்ச் சேரும். இரண்டு ஏக்கர்க்காரரின் குரல் போய்ச் சேராது.

சுதந்திரத்துக்குப் பிறகாவது மாறியதா? உள்நாட்டவரின் வேலையைக் காக்க வந்த 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும் என்றது. ஆயுள் முழுக்கப் பால்மரம் வெட்டிய சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள், பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எந்த ஏழையை அது காத்தது என்று இன்றும் ஆற்றாமையோடு கேட்கிறேன்.

எங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில் நான்கு நாற்காலிகள் இருக்கின்றன. இரண்டின்மேல் துணி போர்த்திக் கிடக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் பினாங்குத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். இந்தத் தொழிலுக்கு வெளிநாட்டு ஆளை எடுப்பதையோ அரசு 2009இல் முடக்கியது. வேலை செய்யத் தயாரான ஒருவர் கடல் கடந்து காத்திருக்கிறார், வேலை கொடுக்கத் தயாரான கடைக்கார அண்ணன் இங்கே அறுபது வயதைத் தாண்டியும் கால்கடுக்க நிற்கிறார்.

குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது தொழிலாளிக்கு நன்மை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் செம்பனைத் தோட்டத்து வங்காளதேசத் தொழிலாளியின் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. மனம் ஒப்பாவிட்டாலும் அவர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தப் பெர்மிட்டை அவர் பெயரிலேயே கொடுத்து, விரும்பிய இடத்தில் வேலை செய்ய விட்டுவிட்டால், எந்த அரசாணைக்கும் காத்திராமல் நல்ல கூலியை அவரே கேட்டு வாங்கிக்கொள்வார்.