சுதந்திரம் பெற்று 200 ஆண்டுகளுக்குப் பிறகும் கரீபியன் தீவு நாடான ஹைட்டி ஏன் ஏழை நாடாகவே இருக்கிறது?

ஊழல், நிலநடுக்கம் என்று காரணம் சொல்கிறார்கள். அவையும் உண்மைதான். ஆனால் கணக்கை 1825-இலிருந்து பார்க்க வேண்டும்.

அடிமைகளாக இருந்தவர்களே பிரான்ஸை விரட்டி, 1804-இல் அமைத்த நாடு அது. 21 ஆண்டுகள் கழித்து பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டார். யாருக்கு? சாட்டையடி பட்டவர்களுக்கு அல்ல. தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த முதலாளிகளுக்கு! தன் உடம்பைத் தானே விலைகொடுத்து மீட்கச் சொன்ன இந்தக் கொடுமையை என்னால் தாங்கமுடியவில்லை.

முதல் தவணைக்கே பாரிஸில் 3 கோடி கடன் வாங்கினார்கள். கைக்கு வந்தது 2.4 கோடிதான், கந்துவட்டிக்காரனைப் போல மீதியை முன்பே பிடித்துக்கொண்டார்கள். 1838-இல் இழப்பீடு 9 கோடியாகக் குறைந்தது. ஆனாலும் காப்பி விவசாயியின் உழைப்பில் வந்த ஏற்றுமதி வரி, பள்ளிக்கும் சாலைக்கும் போகாமல் கப்பலேறியது. இதையொட்டி வாங்கிய கடன்கள் தீர்ந்தது 1947-இல்.